வீட்டுக் கூடத்தில் நடக்கும் போர்

(எங்கள் ஊர் கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர் அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் கட்டியது வரை ஒற்றை ஆளாக நின்று பார்த்த நூலகர் தம்பி அவர்களே, தமிழ்த்தாய் வாழ்த்து பாடிய இரண்டு மாணவிகளே, தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேரூராட்சித் தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போன மழைக்கு இந்தக் கூரை ஒழுகி, வரலாற்றுப் பிரிவில் இருந்த புத்தகங்கள் நனைந்துபோயின. மனு கொடுத்த பத்தாவது நாளே ஆள் அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார்கள். அவர்களிடம் இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, தொலைக்காட்சிக் கதைகளும் போரும். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, தொடர்களில் வரும் போர். இரண்டு, செய்தியில் வரும் போர். மூன்று, ராத்திரி ஒன்பது மணி விவாதங்களில் நடக்கும் போர். மூன்றுக்கும் சேர்த்து நம் பெரியவர்கள் ஒரு சொல் விட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். டிவி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே சொன்னது.

1988 அக்டோபரில் தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் ஆரம்பித்தது. 94 பகுதிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். எங்கள் தெருவில் அப்போது இரண்டே வீட்டில்தான் டிவி. மளிகைக்கடைக்காரர் வீட்டில் இருந்தது சாலிடேர், கதவு வைத்தது. எட்டரை மணிக்கே கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள். மாடியில் ஒரு பையன் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா, தெரியுதா" என்று கத்துவான். படம் தெரியும், பேச்சுதான் புரியாது. இந்தி.

எங்களுக்கு இந்தி தெரிந்த ஒரே ஆள் பட்டாளத்துத் தாத்தா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1965லும் 71லும் பாகிஸ்தானோடு நடந்த போர்களில் எல்லையில் நின்றவர். அவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவோம். அவர் சொல்லச் சொல்லத்தான் எங்களுக்குக் கதை. சகுனி பேசினால் குரலை இழுத்துப் பேசுவார். திரௌபதி சபையில் நின்று கேள்வி கேட்ட அன்று அவர் சொன்ன தமிழைக் கேட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் அழுதார்கள்.

1990ல் கதை குருட்சேத்திரத்துக்கு வந்தது. சங்கு ஊதியதும் கூடமே எழுந்து உட்கார்ந்தது. அம்பும் அம்பும் வானத்தில் மோதிக்கொள்கின்றன, பிள்ளைகள் எல்லாம் விசில். தாத்தா பேச்சை நிறுத்திவிட்டார். "என்ன தாத்தா சொல்றாங்க, சொல்லுங்க" என்று நச்சரித்தோம். "பார்த்தாலே தெரியுதே, இதுல சொல்ல என்ன இருக்கு" என்று எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரமும் அப்படியே. அபிமன்யு செத்த வாரம் அவர் வரவே இல்லை.

நான் விடவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். அதில் ஒரு இன்லண்ட் லெட்டர். நீல நிறம் வெளுத்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒரு ஓரத்தில் பழுப்புக் கறை. பாதி வரைக்கும் ஒரு கையெழுத்து. "செவலை மாடு கன்று போட்டதா, காளையா கிடேரியா என்று எழுதவும்" என்ற வரியோடு நின்றுபோயிருந்தது. 71ல் அவர் பக்கத்தில் விழுந்தவனின் சட்டைப்பையில் இருந்தது. "மீதியை நான்தான் எழுதணும்னு எடுத்து வெச்சேன்டா. வேற தாள்லதான் எழுதிப் போட்டேன். இதுல எழுதக் கை வரல" என்றார். அப்புறம் சொன்னார்: "அங்க சங்கு இல்ல, பாட்டு இல்ல. அவன் தண்ணி கேட்டான், அவ்வளவுதான்."

போர் முடிந்து காந்தாரி அழுத வாரம் தாத்தா திரும்பி வந்தார். தானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார். அந்த வாரம் யாரும் விசில் அடிக்கவில்லை.

வியாசருடைய பாரதத்தில் பெண்கள் அழுவதற்கென்றே ஒரு பர்வம் இருக்கிறது, ஸ்திரீ பர்வம். களத்தில் கிடக்கும் உடல்களுக்கு நடுவே ஒவ்வொருத்தியும் தன் ஆளைத் தேடுகிறாள். பழைய கதைசொல்லிக்கு அது தெரிந்திருந்தது. டிவியில் நம் பிள்ளைகள் மனதில் நின்றது அம்பும் சங்கும்தான். எனக்கும் அப்படித்தான் நின்றிருக்கும், அந்தக் கடிதத்தைப் பார்த்திராவிட்டால்.

சரி, செய்திக்கு வருகிறேன். வளைகுடாப் போரில் 1991 ஜனவரி 17 அதிகாலை ஈராக்கின் தலைநகர் பாக்தாத் மீது குண்டு விழ ஆரம்பித்தபோது, அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சியான சி.என்.என். செய்தியாளர்கள் ஒரு ஓட்டல் அறையில் இருந்தபடி உலகத்துக்கே நேரலையாகச் சொன்னார்கள். அதன்பிறகு வாரக்கணக்கில் பார்த்தது பச்சை நிற வானம், குறி தவறாமல் கட்டடத்துக்குள் நுழையும் குண்டு. எல்லாக் குண்டும் அப்படித்தான் விழுகிறது என்று நானும் நம்பினேன். உண்மையில் அந்தப் போரில் போட்ட குண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட அந்த வகை கிடையாது. பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பதுங்குமிடத்தில் விழுந்ததோ குறி வைத்தே போட்ட குண்டு. உள்ளே இருந்த பொதுமக்கள் 400 பேருக்கு மேல் செத்தார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்?

1999 கார்கில் நம் வீட்டுக்கே வந்த போர். அதற்கு முந்தைய போர்களில் விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் எல்லைப் பக்கத்திலேயே காரியம் முடிந்துவிடும். கார்கிலில்தான் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்தன. பட்டாலிக் பகுதியில் மே 29 அன்று உயிர் விட்ட திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மொத்தம் 527 பேர் என்பது அரசு சொன்ன கணக்கு. அந்த ஊர்வலங்களை டிவியில் பார்த்து நாம் அழுதது உண்மையான அழுகை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேமரா கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேர் போய்க் கேட்டோம்?

டிவியால் நல்லதும் செய்ய முடியும். அணுகுண்டு விழுந்தால் ஒரு சாதாரண ஊர் என்ன ஆகும் என்று காட்டும் தி டே ஆஃப்டர் என்ற படத்தை 1983 நவம்பர் 20 அன்று அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஏறக்குறைய பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள். முன்கூட்டியே பார்த்த அதிபர் ரீகன், தன்னை அது மிகவும் சோர்வடையச் செய்ததாக நாட்குறிப்பில் எழுதினார். அதே பொருளில் பி.பி.சி. 1965லேயே எடுத்த தி வார் கேம் படத்தை இருபது வருடம் ஒளிபரப்பாமல் வைத்திருந்தார்கள். ஒரு கதைக்கு எவ்வளவு வலு இருந்தால் இத்தனை வருடம் பூட்டி வைப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாகச் சொன்ன விவாத நிகழ்ச்சிகளுக்குத் தனிக் கூட்டமே வேண்டும். எனக்கு மீதி இருக்கும் நேரத்தை நான் எதற்காக வந்தேனோ அதற்கே வைத்துக்கொள்கிறேன்.

பட்டாளத்துத் தாத்தா 2003ல் காலமானார். அந்தத் தகர டப்பா எங்கே போனது என்று அவர் பேரன்களுக்கே தெரியவில்லை. பழைய சாமானோடு எடைக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. வேலூர் மாவட்டம் இது. பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு நம் பக்கத்தில் குறைவு. தீர விசாரிப்பதே மெய் என்றால், யாரை விசாரிப்பது? போய் வந்தவரை, காத்திருந்தவளை. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஆறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. இந்த நூலகத்தில் ஓர் அலமாரி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். ராணுவத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பேச வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதி எடுக்க வேண்டும். தலைமையாசிரியை அம்மா பிள்ளைகளை அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சங்கச் செயலாளர் ஐயா பட்டியல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேரூராட்சித் தலைவர் அம்மாவிடம் நான் கேட்பது, பின்னால் பூட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன அறையின் சாவி.

கருவியை நானே வாங்கி வந்துவிட்டேன், மேஜை மேல் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் இருக்கும் பாட்டி, 71 போரை ஒட்டிப் பதினான்கு மாதம் கடிதமே வராமல் காத்திருந்தவர். இன்று பேசுகிறேன் என்று வந்திருக்கிறார். பாட்டி, இப்படி முன்னால் வாங்க. யாராவது அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள், சத்தம் பதிவாகிவிடும்.