ஒன்றரை டன் யாருக்கு வேண்டும்?

வணக்கம். ஏசி வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "ரூம் என்ன சைஸ் சார்?" பத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஒரு டன், பன்னிரண்டுக்குப் பதினைந்து என்றால் ஒன்றரை. எந்த மாடி, சன்னல் எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

டன் என்பது ஏசியின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய ஐஸ் வியாபாரத்துக் கணக்கு. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவு. சென்னைக்கு ஐஸ் புதிதில்லை. மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், அங்கத்திய ஏரிகளில் வெட்டிய ஐஸை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். ஒன்றரை டன் ஏசி நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் 1,360 கிலோ ஐஸ் உருகியதற்குச் சமம். ஒரே ஒரு படுக்கையறைக்கு!

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு டன் ஏசி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். தூங்குகிற ஓர் ஆள் விடும் வெப்பம் 70, 80 வாட்தான். ஆனால் மேற்குப் பார்த்த, நிழலே இல்லாத நாலுக்கு நாலு கண்ணாடிச் சன்னல் வழியாகச் சாயங்கால வெயில் 700 வாட் வரை எளிதாக உள்ளே விடும். கிட்டத்தட்ட பத்துப் பேர் படுத்திருப்பதுபோல. உள்ளே திரை போட்டால் கொஞ்சம் குறையும். வெளியே சன்ஷேடோ மூங்கில் தட்டியோ இருந்தால் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்து மொட்டை மாடி. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 120 சதுர அடி வெற்றுக் கான்கிரீட் தளம் மே மாதத்தில் கீழே இறக்கும் வெப்பம் உச்சத்தில் ஏறத்தாழ 1,000 வாட். பகலில் வாங்கிய வெயிலைத் தளம் உடனே விடாது. ராத்திரி ஒன்பது மணிக்கு, நீங்கள் ஏசி போடுகிற நேரத்துக்கு, இறக்கிக்கொண்டிருக்கும். கட்டில்மேல் ஏறி சீலிங்கில் கை வைத்தால் தெரியும். ஆக, நடுமாடியில் ஒரு டன் போதுமான அதே அறைக்கு மேல்மாடியில் ஒன்றரை கேட்கும். தளத்தில் வெள்ளை டைல்ஸ் பதித்தாலோ கூல் ரூஃப் பெயின்ட் அடித்தாலோ, தூசி படியாமல் கழுவி வைத்திருக்கும்வரை, அந்த வெப்பம் பாதியளவுக்கு இறங்கும். முதலில் தளம், பிறகு ஏசி. திரும்பச் சொல்கிறேன்: முதலில் தளம்.

"எதற்கும் இருக்கட்டும், பெரிசாப் போடு" என்பது நம் ஊர்ப் பழக்கம். கடலோரக் காற்றில் இது தப்பு. தேவைக்கு மேல் பெரிய ஏசி பத்து நிமிடத்தில் அறையைக் குளிராக்கிவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். காற்றிலுள்ள ஈரம் காயிலில், அதாவது ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில், படிந்து வடிய நேரம் வேண்டுமே? படிந்த நீரும் ஃபேன் காற்றில் திரும்ப அறைக்கே போகும். குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். உடனே ரிமோட்டில் 18 வைப்பார்கள். இன்வெர்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் மன்னிக்கும், முழுவதும் அல்ல.

ஸ்டார் லேபிளில் குளிரூட்டும் திறனின் வாட் கணக்கைப் படியுங்கள். ஒன்றரை டன் என்று விற்பதில் ஒன்று 4,800 வாட், இன்னொன்று 5,200 வாட் இருக்கும். அதுவும் வெளியே 35 டிகிரியில் அளந்தது. 41-இல் அவ்வளவு வராது. மேல்மாடிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பொருத்துவதைப் பற்றி இரண்டே வார்த்தை: ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுங்கள். அவுட்டோர் யூனிட்டை மூடிய பால்கனிக்குள் வைக்காதீர்கள். விட்ட வெப்பத்தையே திரும்ப இழுத்துத் திணறும். வணக்கம்.