உள்ளங்கைப் பக்கம் சைலம்

எல்லாருக்கும் வணக்கம். முதலில் வலது கையை முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடியுங்கள். உள்ளங்கை உங்களைப் பார்க்கட்டும். உங்கள் உடம்புதான் தண்டின் நடுப்பகுதி. கை, அதன் ஓரமாக மேலே ஏறும் ஒரு வாஸ்குலக் கற்றை, அதாவது நீரும் உணவும் போகும் குழாய்களின் கட்டு. உள்ளங்கைப் பக்கம் சைலம், புறங்கைப் பக்கம் ஃபுளோயம். சரி, கையை இறக்கிவிடலாம். எந்தப் பக்கம் எது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சைலம் வேரிலிருந்து நீரையும் உப்புகளையும் மேலே கொண்டுபோகிறது. நீர் கடத்தும் அதன் செல்கள் முதிர்ந்ததும் இறந்துவிடும். சுவர்கள் மட்டும் நிற்கும். உள்ளே காலியான அந்த இடம்தான் நீருக்குப் பாதை. ஃபுளோயம் இலையில் உருவான சர்க்கரையைக் கொண்டுபோகிறது. அதன் சல்லடைக்குழாய்ச் செல்களுக்கு உயிர் உண்டு, ஆனால் உட்கரு கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த வியப்பு அடங்குவதில்லை.

சூரியகாந்தியின் இளந்தண்டைக் குறுக்கே மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். கற்றைகள் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் சைலம் உள்ளே, ஃபுளோயம் வெளியே, இடையில் புதுச் செல்களை உருவாக்கும் கேம்பியம். (பூசணிக் குடும்பத்தில் சைலத்தின் இரண்டு பக்கமும் ஃபுளோயம் உண்டு.) தேர்வுக்காக இதைப் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் அந்த வட்டத்தில்தான் மரம் பிறக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கற்றைகளின் கேம்பியம் இணைந்து முழு வளையமாகிறது. அந்த வளையம் ஆண்டுதோறும் உள்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் ஃபுளோயத்தையும் சேர்த்துக்கொண்டே போகிறது. நாம் மரக்கட்டை என்று சொல்வதெல்லாம் சைலம்தான். ஃபுளோயம் பட்டையோடு போய்விடுகிறது.

17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான மார்செல்லோ மால்பீகி மரப்பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார். வெட்டுக்கு மேலே தண்டு வீங்கியது. கீழே இறங்க வழியில்லாமல் உணவு அங்கேயே தேங்கிவிட்டது. சைலத்துக்குச் சேதமில்லை, அதனால் இலைகள் உடனே வாடுவதில்லை. ஆனால் வேர் பட்டினி கிடக்கும். நாளடைவில் மரமே பட்டுப்போகும்.

இதையே தென்னையில் செய்து பார்த்தால்? மரம் பிழைத்துக்கொள்ளும். ஒருவிதையிலைத் தாவரமான அதன் தண்டில் கற்றைகள் வட்டம் கட்டாமல் உள்வரைக்கும் சிதறிக் கிடக்கின்றன. மேலோட்டமாக உரித்தால் ஓரத்தில் உள்ளவைதான் அறுபடும். அதற்கு ஒரு விலையும் உண்டு. கற்றைகளில் கேம்பியம் இல்லை, அதனால் தென்னையில் விழுந்த வெட்டுக்காயம் மற்ற மரங்களில்போல மூடிக்கொள்வதில்லை.

இப்போது மறுபடியும் கையைத் தூக்குங்கள். உள்ளங்கை உங்களைப் பார்க்கட்டும். அப்படியே மணிக்கட்டை மடக்கி, விரல்களை வெளிப்பக்கமாகச் சாயுங்கள். பார்த்தீர்களா? உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது, புறங்கை தரையைப் பார்க்கிறது. தண்டிலிருந்து இலைக்குள் கற்றை நுழைவதும் இப்படித்தான். இலை நரம்பில் சைலம் மேலேயும் ஃபுளோயம் கீழேயும் இருப்பதைத் தனி விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. தண்டில் உள்ளே இருந்தது, வளைந்ததும் மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இலைக்குள் போனபின் நரம்புகள் பெரும்பாலான இருவிதையிலைத் தாவரங்களில் வலையாகப் பின்னிக்கொள்ளும். புல், சோளம் போன்றவற்றில் இணையாக ஓடும். பூக்கும் தாவரங்களின் இலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாகச் சுமார் 8 மில்லிமீட்டர் நீள நரம்பு இருக்கிறது. கணக்குப் போடுங்கள்: 100 சதுர சென்டிமீட்டர் இலை ஒன்றில் 80 மீட்டர்! அதனால்தான் பச்சையச் செல் எதுவும் நீருக்கு வெகுதூரத்தில் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பப்பாளி மரம் கண்ணில் பட்டால் அதன் தண்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலை உதிர்ந்த ஒவ்வொரு இடத்திலும் பெரிய தழும்பு இருக்கும். தழும்புக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். நாம் கையை மடக்கிப் பார்த்தோமே, அந்த வளைவில் கற்றைகள் அறுந்த இடங்கள் அவை.