பிரிக் லேன் மூலையில் ஒரு வழிபாட்டு மனை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே இச்சனிக்கிழமை மாலையை நமக்கென ஒதுக்கித் தந்த நகரசபை உறுப்பினர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, வணக்கம்.

"கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்" என்றனர் நம் முன்னோர். அவ்வாக்கைக் கேட்டறியாத நான்கு சமூகத்தார் அதன்படியே வாழ்ந்த கட்டடம் ஒன்று கிழக்கு இலண்டனில், பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் கூடும் மூலையில் உள்ளது. அதன் சுவர்கள், அங்கு தொழுதோர், அவர்களின் ஏடுகள் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச எண்ணியுள்ளேன்.

1685-இல் பதினான்காம் லூயி மன்னர், ஹியூகனோக்கள் என்னும் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு வழிபாட்டுரிமை தந்திருந்த நான்ட் சாசனத்தை நீக்கியதும், அவர்கள் பல்லாயிரவராய்ப் பிரான்சை விட்டு நீங்கினர். அவர்களுள் பிரிக் லேன் அமைந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியேறிப் பட்டு நெய்தோரின் சமூகம் 1743-இல் எழுப்பிய தேவாலயமே இது. தெருப்பக்கச் சுவரின் உச்சியிலுள்ள சூரியக் கடிகாரத்தில் அவ்வாண்டை இன்றும் காணலாம்.

அடுத்து நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும், தலைவர் பொறுத்தருள்க. யூதர்களைக் கிறித்தவராக்கும் நோக்கத்துக்கென்றே அமைந்த சங்கம் ஒன்று 1809-இல் இவ்விடத்தைக் குத்தகைக்கு எடுத்தது. பிரசங்கிமார் முழங்கினர், யாரை எண்ணி முழங்கினரோ அவர்கள் பெரிதாக வந்தபாடில்லை. பத்தாண்டில் சங்கத்தார் போக, 1819-இல் மெதடிஸ்தர் என்னும் கிறித்தவப் பிரிவினர் வந்தனர். அவர்களும் பாடித் தொழுது நீங்கியபின், 1898-இல் அதே வாசலில் வந்து நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பி வந்தோர் உள்ளிட்ட, ஆசாரம் தவறாத யூதர்கள்! அவர்கள் மதம் மாறவில்லை, ஐயா, கட்டடந்தான் மாறிற்று. அவர்களும் காலப்போக்கில் கோல்டர்ஸ் கிரீன் முதலிய வடபகுதிகளுக்குப் பெயர்ந்தனர். சில்ஹெட்டிலிருந்து குடியேறிய வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக அக்கட்டடம் 1976-இல் ஆயிற்று.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பதை நாமும் மறக்கவில்லை. வட இலண்டன் ஆர்ச்வே சாலையில் நம் முருகன் குடிகொண்ட இடமும் முன்னர் யூதத் தொழுகைக்கூடமே. ஆனால் பிரிக் லேன் யூதர்கள் தொழுகைக்கூடத்தின் அருகிலேயே தம் பிள்ளைகளுக்கு மறைக்கல்விப் பள்ளியும் நடத்தினர் என்பதே என் மனத்தில் தைக்கிறது. கோயில் கண்ட நாம் தமிழ்ப் பள்ளிக்குச் சொந்தக் கூரை காணவில்லை; சனிக்கிழமைதோறும் வாடகை வகுப்பறையில் புத்தகப் பெட்டிகளைத் தூக்கி வந்து, நேரம் முடிந்ததும் தூக்கிச் செல்கிறோம். எழுதிய கரும்பலகையை அழிக்காமல் விட்டுவரக்கூட நமக்கு உரிமையில்லை.

ஏடுகளைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். ஆகவே, நகரசபை உறுப்பினர் அவர்களே, தங்கள் தொகுதியில் சபையார் குறைந்து பூட்டிக் கிடக்கும் சிற்றாலயம் எதுவாயினும், உரியவர்களோடு பேசி, இடித்து அடுக்குமாடி எழுப்புவோர் கைக்குப் போகுமுன், நீண்டகாலக் குத்தகையில் எம் பள்ளிக்குப் பெற்றுத்தர வேண்டுகிறேன். பெற்றோர்களே, விண்ணப்பப் படிவங்கள் வாசலருகே மேசையில் உள்ளன. தேநீருக்கு முன் கையெழுத்திடுங்கள்.