அம்புக்கு தொடை பிடிச்ச கதை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நாய்க்கு வர்ற சதைவலி பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. நான் டாக்டர் இல்லியே சார், ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆன ஆளு, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு காலு பிடிச்சு விட்டதுதான் எனக்கு தெரிஞ்ச வைத்தியம்னேன். அதுக்குத்தான் கூப்பிடுதோம்னு சிரிச்சாங்க. அந்த வைத்தியத்தை வச்சு எங்க வீட்டு கிரேஹவுண்டு நாய் அம்புக்கு நான் பண்ணின கூத்து இந்தப் பக்கம் நாலு பேருக்கு தெரியும், மறைச்சு பிரயோஜனம் இல்ல.

கிரேஹவுண்டு பாக்காதவங்க நம்ம சிப்பிப்பாறையையோ கன்னியையோ மனசுல வச்சுக்கிடுங்க, ரெண்டும் அதே மாதிரி கண்ணால பாத்து துரத்துற வேட்டை நாய்தான், நான் சொல்லுததுல முக்காவாசி அதுகளுக்கும் பொருந்தும். உடம்புல கொழுப்புன்னு பேருக்குதான் இருக்கும், தோலு அவ்வளவு மெலிசு, மத்ததெல்லாம் சதை. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்துல ஓடும், ஒவ்வொரு பாய்ச்சல்லயும் ரெண்டு தடவை நாலு காலும் அந்தரத்துல நிக்கும். பின்தொடை சதைக்கு எம்புட்டு இழுவை வரும்னு பாத்துக்கிடுங்க.

எங்க அம்புக்கு அப்ப நாலு வயசு, 27 கிலோ. கன்னியாகுமரி மாவட்டத்துல ஈத்தாமொழி பக்கம் வீடு, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில காருல ஏத்தி சொத்தவிளை கடற்கரைக்கு கொண்டு போனேன், கதவைத் திறந்தேன், சங்கிலியை அவுத்தேன், அவ்வளவுதான், அந்தப் பக்கம் போன ஒரு நாயைப் பாத்து பிச்சுக்கிட்டு ஓடிட்டு, அதுவும் கால் புதையுற காய்ஞ்ச மணல்ல. பிள்ளைகளை ஒரு ரவுண்டு மெதுவா ஓட விடாம கிரவுண்டுல இறக்காத ஆளு நான், அன்னைக்கு நாய் விஷயத்துல அது புத்தியில வரல்ல. திரும்பி வந்தப்போ நல்லாத்தான் வந்துச்சு, ஒரு சத்தமும் இல்ல.

சாயங்காலம் வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா. தேங்கா துருவுற சத்தம் கேட்டா அம்பு எங்க கிடந்தாலும் அடுக்களை நடை ஏறி வந்து நிக்கும், ஒரு கீத்து கிடைக்கும்னு. அன்னைக்கு சத்தம் கேட்டு வந்துச்சு, ஆனா நடைக்கு கீழயே நின்னு வாலை மட்டும் ஆட்டுச்சு. "பாத்தியளா, அதுக்கு என்னமோ செய்யுது"ன்னா. நான் சோம்பல்னு சொல்லிட்டேன்.

இந்த நாயோட குணம் அதுதான் கேட்டியளா. நகம் வெட்டப் போனா ஊரைக் கூட்டும், கால்ல முள்ளு குத்தினா கொலை விழுந்த மாதிரி அலறும், நிஜமான வலிய மட்டும் உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு சும்மா கிடக்கும். அதனால கத்துதான்னு காத்திருக்காதீங்க, தினம் செய்யுறதுல எதை விட்டிருக்குன்னு பாருங்க. படி ஏறுறது, காருல தாவுறது, ஒரு பக்கமாவே படுக்கிறது, எந்திரிக்கும்போது முன்னங்காலை ஊணி பின்பக்கத்தை இழுத்து எந்திரிக்கிறது, இதெல்லாம் பாக்கணும். தரையில இருக்கிற பாத்திரத்துக்கு தலையை குனிக்காம நின்னா கழுத்துலயோ முதுகுலயோ பிடிப்பு இருக்கலாம். வெயிலே இல்லாத நேரம் மூச்சு வாங்குறது, குளிரில்லாம நடுங்குறது, ஒரே இடத்தை நக்கிக்கிட்டே இருக்கிறது இதுவும் கணக்குதான். நடக்க விட்டுப் பாத்தா முன்னங்கால் வலின்னா அந்தக் கால் தரையில படும்போது தலை மேல தூக்கும், நல்ல கால் படும்போது தலை தாழும்.

இப்ப என் கூத்துக்கு வாறேன். ராத்திரி நொண்ட ஆரம்பிச்ச உடனே, வீட்ல இருந்த தைலத்தை தொடையில நல்லா தேய்ச்சு, தவிட்டை வறுத்து துணியில கட்டி சூடா ஒத்தடம் குடுத்தேன். காலையில பாத்தா தொடையோட உள்பக்கம் வீங்கி, நாவப்பழ கலர்ல ரத்தம் கட்டி, அது முட்டு வரைக்கும் இறங்கியிருந்துச்சு. டாக்டர் தொட்டுப் பாத்துட்டு சதை கிழிஞ்சிருக்குன்னார், ரேஸ் நாய்களுக்கு அடிக்கடி கிழியுற அதே இடமாம். அப்புறம் என்னைப் பாத்து, "சாரே, பிள்ளைகளுக்கு அடிபட்டா நீங்க ஐஸ்தானே வைப்பீங்க?"ன்னார். என்ன சொல்ல, நாய்க்கு ஐஸ் வச்சா சளி பிடிக்கும்னு நினைச்சேன்னு சொன்னேன். அவரு சிரிக்கல்ல.

முதல் ரெண்டு மூணு நாள் குளிர்ச்சிதான், ஐஸை ஒரு துண்டுல சுத்தி பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவை, நேரடியா தோல்ல வைக்கக்கூடாது, கொழுப்பில்லாத உடம்பு. வீக்கம் வத்தின பிறகுதான் இளஞ்சூடு, அதுவும் நம்ம கையில வச்சுப் பாத்து தாங்குற சூடு. தைலம் வேண்டவே வேண்டாம். வர்ம ஆசான்கள் இருக்கிற மாவட்டம் நம்மது, எந்த வீட்லயும் ஒரு குப்பி தைலம் இருக்கும், மனுசனுக்கு சரி, ஆனா நாய் நக்கும்லா, கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் உள்ள போனா அதுக்கு விஷம்.

மாத்திரையும் அப்படித்தான். நம்ம முட்டுவலிக்கு போடுற டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபன் இதுல பாதி உடைச்சு குடுத்தேன்னு சொல்லுத ஆள்களைப் பாத்திருக்கேன், வயித்துல புண்ணு வந்து ரத்தமா கக்கும், கிட்னி போகும். டைக்ளோஃபினாக்கை மாட்டுக்கு போட்டு, செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகெல்லாம் அழிஞ்சுதான் 2006ல மிருகங்களுக்கு அதைத் தடை பண்ணினாங்க. நாய்க்கு வேற மருந்து இருக்கு, எடை பாத்து டாக்டர் எழுதுவார்.

தடவி விடுறதுன்னா, நல்ல பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. கையை முதல்ல உரசி சூடாக்கி, முழு உள்ளங்கையையும் வச்சு, கால் பாதத்துல இருந்து மேல நெஞ்சைப் பாக்க மெதுவா. விரலால குத்தி அமுக்கக்கூடாது, கிழிஞ்ச இடத்தை முதல் வாரம் தொடவே கூடாது. உங்க கண்ணு கையில இருக்கக்கூடாது, நாயோட மூஞ்சில இருக்கணும். உதட்டை நக்குச்சுன்னா, தலையைத் திருப்பி உங்க கையைப் பாத்துச்சுன்னா, தோல் வெடவெடன்னு துடிச்சுன்னா போதும்னு அர்த்தம். அஞ்சு நிமிஷத்துல கண்ணு சொருகி பெருமூச்சு விட்டா சரியா பண்ணுதீங்க.

வீட்டுக்குள்ள டைல்ஸ்தான் எதிரி. வழுக்காம இருக்க ஒவ்வொரு அடிக்கும் பாவம் அது சதையை இறுக்கும், நான் ரப்பர் மேட் வாங்கி படுக்கிற இடத்துல இருந்து அடுக்களை வரை போட்டேன்.

சதைவலின்னு நாமளா முடிவு கட்டிரக்கூடாத சமாச்சாரமும் இருக்கு. நம்ம ஊரு புழுக்கத்துல வெறித்தனமா ஓடின பிறகு முதுகுச் சதை கல்லு மாதிரி இறுகி, மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா கலர்ல போனா, சதை உடைஞ்சு கிட்னிக்குப் போகுதுன்னு அர்த்தம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. காய்ச்சலோட ஒரு நாள் ஒரு காலு, மறுநாள் வேற காலு நொண்டினா உண்ணிக் காய்ச்சலா பாக்கணும். அதுக்கு ரத்தம் எடுக்கும்போது இது கிரேஹவுண்டுன்னு மறக்காம சொல்லுங்க, மத்த நாயை விட இதுக்கு சிவப்பணு கூடுதலா, தட்டணு குறைவா இருக்கிறது இயல்பு, தெரியாம பாத்தா இல்லாத வியாதிக்கு மருந்து போட வேண்டியிருக்கும். ரெண்டு வாரம் ஓய்வு குடுத்தும் நொண்டல் நிக்கலன்னா எக்ஸ்ரே எடுத்துருங்க, இந்த வகை நாய்க்கு எலும்புல புத்துநோய் வர்றது அதிகம், சொல்ல கஷ்டமாத்தான் இருக்கு.

அம்புக்கு ஆறு வாரம் ஆச்சு. அஞ்சு நிமிஷம் சங்கிலியோட நடை, அப்புறம் பத்து, அப்புறம் தோப்பைச் சுத்தி ஒரு ரவுண்டு. நாலாவது வாரமே அது ஓடத் தயார், நொண்டல் போனாலும் சதை உள்ள கூடி முடிக்கலன்னு தெரிஞ்சதால நான்தான் விடல்ல. இப்பவும் சொத்தவிளைக்குப் போவோம், ஆனா காருல இருந்து இறங்கி சங்கிலியோட கால் மணி நேரம் ஈர மணல்ல நடந்த பிறகுதான் அவுக்கேன். அதுக்கு அது பிடிக்கல்ல, மாஸ்டரைப் பாக்குற ஒன்பதாம் கிளாஸ் பய மாதிரி என்னையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நடக்கும்.