சோற்றில் கல்லாக வார் தெரிய வேண்டும்

நண்பர்களே, வணக்கம். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாறியை, அதாவது ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயரை, வார் (var), லெட் (let), கான்ஸ்ட் (const) என்ற மூன்று சொற்களில் எதைப் போட்டு அறிவிப்பது என்பதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு ஃபார் லூப், அதாவது ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யும் நிரல் வரிகள், என்னை விடிய விடிய உட்கார வைக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பலர் கைமாறி என்னிடம் வந்த ப்ராஜெக்ட் அது. திரையில் மூன்று பட்டன்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஆளுக்கொரு எண் தர வேண்டும். எதை அழுத்தினாலும் மூன்று என்றே வந்தது. லூப்பின் சுற்றுகளை எண்ணும் ஐ (i) என்ற மாறியை வார் போட்டு அறிவித்திருந்தார்கள். வாருக்கு லூப் எல்லை கிடையாது, லூப் இருக்கும் முழு ஃபங்ஷனுக்கும், அதாவது அந்த நிரல் தொகுதி முழுக்க, ஒரே ஐ. பட்டனை அழுத்தும் நேரத்தில் லூப் முடிந்து, அது மூன்றில் நிற்கிறது. வாரை லெட் என்று மாற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஐ கிடைத்தது, சரியாகிவிட்டது.

ஒரு சொல்தான். ஏன் அன்றிரவு கண்ணில் படவில்லை? அந்த ஃபைலில் மேலே வார், கீழே லெட், நடுவில் கான்ஸ்ட். எழுதியவர் பழக்கம் எதுவோ அதுவே விதி. எங்கும் வார் இல்லாத ஃபைலாக இருந்திருந்தால், அந்த ஒன்று சோற்றில் கல் மாதிரி உறுத்தியிருக்கும்.

பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதியபோதே வார் வந்துவிட்டது. லெட்டும் கான்ஸ்டும் 2015இல்தான் மொழியின் அதிகாரப்பூர்வ தரத்தில் சேர்ந்தன. வாரை எடுத்தால் பழைய பக்கங்கள் உடையும் என்பதால் மூன்றும் இருக்கின்றன. தேர்வு நம் தலையில்.

என் முடிவு இது: கான்ஸ்டில் தொடங்குங்கள், மாறிக்குப் பிறகு வேறு மதிப்பு தரப் போகிறீர்கள் என்றால் மட்டும் லெட். அப்போது லெட்டைப் பார்த்ததுமே, 'கீழே எங்கோ இது மாறுகிறது, கவனி' என்று படிப்பவருக்குத் தெரியும். எல்லா இடத்திலும் லெட் போட்டால் அந்தச் சொல் எதையும் சொல்லாது. கான்ஸ்ட் போட்ட பட்டியலிலும் புதிதாகச் சேர்க்க முடிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தப் பெயர் வேறொன்றைக் குறிக்காது என்பதற்கு மட்டுமே கான்ஸ்ட் பொறுப்பு. இதனாலேயே லெட்டை மட்டும் எழுதும் நல்ல புரோகிராமர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ப்ராஜெக்டுக்குப் போனால் நானும் லெட்தான் எழுதுவேன்.

இந்த வழக்கத்தைக் காக்கும் வேலையை, நிரலைப் படித்து ரிவ்யூ செய்பவர் தலையில் கட்டாதீர்கள். மனஸ்தாபம்தான் மிஞ்சும். நிரலில் குறை தேடும் கருவியான ஈஎஸ்லின்ட்டில் (ESLint) நோ-வார் (no-var), ப்ரிஃபர்-கான்ஸ்ட் (prefer-const) என்று இரண்டு விதிகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுவிடுங்கள்.

பழைய நிரலை மாற்றுவதென்றால் தனி கமிட்டாக, அதாவது தனியாகப் பதிவு செய்யும் மாற்றமாகச் செய்யுங்கள், பிழைத் திருத்தத்தோடு கலக்காதீர்கள். ஈஎஸ்லின்ட்டின் ஃபிக்ஸ் (--fix) கட்டளை பெரும்பாலானவற்றைத் தானே திருத்தும். சிலவற்றைக் குறை சொல்லிவிட்டு, தொடாமல் விடும். லூப்புக்குள் இருக்கும் ஒரு ஃபங்ஷன் பிறகு பயன்படுத்தப் பிடித்து வைத்திருக்கும் வார் மாறி அந்த வகை. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து உங்கள் கண்ணால் படியுங்கள். என் மூன்று பட்டன்களும் அங்கேதான் இருந்தன.