ஊருணிக்கு யார் எவ்வளவு தருவது?

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களே, ஆச்சிமார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நம்மிடம் வரி வாங்குகிற அரசுக்கு நம்மைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரியாது. நம்மால் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பது ஒன்று. நமக்கு எது எவ்வளவு வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது தெரியாததால் வருமான வரி சிக்கலாகிறது. இரண்டாவது தெரியாததால் சாலை, குளம், விளக்கு போன்ற பொதுக் காரியங்களுக்குப் பணம் திரட்டுவது சிக்கலாகிறது. பாடப் புத்தகத்தில் இவை தனித்தனி அத்தியாயங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்பது என் வாதம்.

நம் ஊர் வழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணம் என்றால் அவரவர் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். மாலை வந்து கல்யாணம் முடிந்தால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. திருப்பணி வந்தால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கொண்டுவிற்கப் போய், அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்து, கோடி சேர்த்தவருக்கும் ஒரு புள்ளிதான், அவர் கடையில் அடுத்தாளாக, அதாவது சம்பளத்துக்கு உதவியாளாக, இருப்பவருக்கும் ஒரு புள்ளிதான்.

இந்தப் புள்ளி வரியின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இதில் யாரும் எதையும் ஒளிக்க முடியாது, கோயிலுக்கே தெரியாமல் கல்யாணம் நடக்காது. வரிக்குப் பயந்து யாரும் தொழிலைச் சுருக்கிக்கொள்ளவும் மாட்டார்கள், ஏனென்றால் கூடுதலாகச் சம்பாதித்தாலும் வரி கூடாது. பொருளியல்காரர்கள் உழைப்பைக் கெடுக்காத வரி என்று தேடுவது இதைத்தான். ஆனால் நியாயமா? அடுத்தாளுக்கு அது ஒரு மாதச் சம்பளமாக இருக்கலாம், முதலாளிக்கு வெற்றிலை பாக்குச் செலவு.

அந்தக் குறையை ஈடுகட்டுவதுபோல் மகமை என்று ஒன்று இருந்தது. நடக்கிற வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைப்பது. அதிகம் புரளுகிறவர் அதிகம் தருவார், நியாயம்தான். ஆனால் பேரேடு எழுதுகிறவரும் அவர்தான். நம் முன்னோர்கள் பெரும்பாலும் நேர்மையாகத்தான் எழுதினார்கள், பெயர் கெட்டால் கடன் கிடைக்காது என்ற காலம் அது. ஒருவரை ஒருவர் அறியாத 140 கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு அந்தக் காவல் போதாது. ஒளிக்க முடியாத வரி நியாயமில்லாமல் போகிறது, நியாயமான வரியை ஒளிக்க முடிகிறது. வருமான வரியின் வரலாறே இந்த இரண்டுக்கும் நடுவில் அல்லாடிய வரலாறு.

இதை ஒரு கணக்காக முதலில் எழுதிப் பார்த்தவர் வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர், 1945இல். கணக்கைப் போட்டார், விடை கிடைக்கவில்லை. 1971இல் ஜேம்ஸ் மிர்லீஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு விடை கண்டார். அவர் சொன்னதை எளிதாகச் சொல்கிறேன். ஒரே வேலையை ஒருவர் இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார், இன்னொருவருக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. அரசின் கண்ணுக்கு இந்த வேகம் தெரியாது, ஆண்டு முடிவில் வருகிற வருமானம் மட்டும் தெரியும். மேல்படியில் வரியை ஏற்றிக்கொண்டே போனால் வேகக்காரர் ஒரு கட்டத்தில் வேலையைக் குறைத்துக்கொண்டு, மெதுவானவர் காட்டுகிற அதே வருமானத்தைக் காட்டிவிட்டு ஓய்வெடுப்பார். யாரிடமிருந்து வாங்கி யாருக்குக் கொடுக்க நினைத்தோமோ அந்தப் பணமே உருவாகாது. ஆகவே திறமையை மறைத்து நடித்தால் கிடைப்பதைவிட, உள்ளபடி உழைத்தால் கிடைப்பது குறையக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையைக் கணக்குக்குள் வைத்ததுதான் அவருடைய சாதனை.

ஏழைகளுக்கு ஆதரவான கொள்கையுடையவர் மிர்லீஸ். உயர்ந்த வரி விகிதம்தான் விடையாக வரும் என்று எதிர்பார்த்தார், அப்படி வரவில்லை. அடியில் உள்ளவர்களுக்கு ஒரு தொகையை உறுதிசெய்துவிட்டு, மேலே ஓரளவு மிதமான, பெரிதாக ஏறி இறங்காத விகிதம் என்றுதான் விடை வந்தது. வந்த விடையை ஒளிக்காமல் அப்படியே எழுதினார். அதற்காக வரி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2011இல் டைமண்ட், சாயஸ் என்ற பொருளியல் அறிஞர்கள் இருவரும் வேறு அனுமானங்களோடு அமெரிக்காவுக்குக் கணக்குப் போட்டபோது, உச்சியில் உள்ளவர்களுக்கு 73 சதவீதம்வரை போகலாம் என்று வந்தது. வரியைக் கண்டு மக்கள் எவ்வளவு ஒதுங்குவார்கள் என்பதை வைத்து விடை மாறும்.

நம் நாட்டில் நடந்ததையும் பாருங்கள். 1973-74இல் உச்ச விகிதம் உபரி வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். மேல்படியில் நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். வரி ஏய்ப்புக்கு முக்கியக் காரணமே இந்த உயர்ந்த விகிதங்கள்தான் என்று, நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சு குழு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. அப்புறம்தான் படிப்படியாகக் குறைத்தார்கள். 1997இல் நம் கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது 10, 20, 30 என்று மூன்று படிகளாக ஆனது.

ஆனால் மிர்லீஸின் கணக்கை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. வருமானமாவது அரசுக்குத் தெரியும் என்று அவர் எடுத்துக்கொண்டார். இங்கே அரசு முழுசாகப் பார்க்கிற வருமானம் மாதச் சம்பளக்காரருடையதுதான். கைக்கு வருவதற்கு முன்பே டி.டி.எஸ். என்று சம்பளத்திலிருந்தே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். ரொக்கத்தில் வியாபாரம் செய்கிறவரின் உண்மையான வருமானம் அவருக்கும் அவர் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே கிடையாது. ஆக, யாரைப் பார்க்க முடிகிறதோ அவரிடம் வாங்குகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

சரி, ஊருணிக்கு வருவோம். வற்றாத ஆறு இல்லாத சீமை நம்முடையது. மழைத் தண்ணீரை வாய்க்கால் வழியாக ஊருணிக்குக் கொண்டுவந்து சேர்த்துத்தான் வாழ்ந்தோம். அந்த ஊருணியைத் தூர்வார 90,000 ரூபாய் ஆகும் என்று வையுங்கள். மூன்று வீடுகள், வீட்டுக்கு 30,000. உங்களுக்கு இது எவ்வளவு பெறும் என்று கேட்டு அதற்கேற்ப வசூலித்தால், எல்லோரும் குறைத்துச் சொல்வார்கள். ஊருணி நிறைந்தால் தண்ணீர் எல்லோருக்கும்தானே? அப்படி இல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே அளவாக வசூலித்து, எவ்வளவு பெறும் என்பதை முடிவெடுக்க மட்டும் கேட்டால், வேண்டும் என்பவர் ஏற்றிச் சொல்வார், வேண்டாம் என்பவர் இறக்கிச் சொல்வார். 1954இல் சாமுவேல்சன் என்ற பொருளியல் அறிஞர் இந்தத் தடையை எழுதியபோது, இதைத் தாண்ட வழியே இல்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

வழி காட்டியவர்கள் 1971இல் எட்வர்ட் கிளார்க், 1973இல் தியோடர் குரோவ்ஸ். முதல் வீட்டுக்கு ஊருணி 50,000 பெறும், இரண்டாவது வீட்டுக்கு 20,000, மூன்றாவது வீட்டுக்கு 25,000. மொத்தம் 95,000. செலவைவிட அதிகம், ஆகவே தூர்வாரலாம். பங்குத் தொகை போக முதல் வீட்டுக்கு 20,000 லாபம், மற்ற இருவருக்கும் சேர்த்து 15,000 நட்டம். முதல் வீட்டுக்காரர் இல்லாவிட்டால் வேலை நடந்திருக்காது. அவர் சொல்லால்தான் முடிவு திரும்பியது. எனவே மற்றவர்களுக்கு வந்த அந்த 15,000 நட்டத்தை அவர் தன் பங்குக்கு மேல் கூடுதலாகக் கட்டவேண்டும். மொத்தம் 45,000. அவருக்குப் பெறுமானம் 50,000, அப்போதும் 5,000 மிச்சம்.

இப்போது அவர் பொய் சொல்லிப் பார்க்கட்டும். ஒரு லட்சம் என்று ஏற்றிச் சொன்னாலும் கட்டுவது அதே 45,000. 40,000 என்று குறைத்துச் சொன்னால் வேலையே நின்றுபோகும், கையில் வந்திருக்க வேண்டிய 5,000 போய்விடும். இரண்டாவது வீட்டுக்காரர் எனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று பொய் சொல்லி வேலையை நிறுத்தினால், 10,000 நட்டத்தைத் தவிர்க்க 15,000 கட்டவேண்டி வரும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி, நமக்கு உண்மையே லாபம்.

இதே தத்துவத்தை 1961இல் ஏலத்தில் வைத்துக் காட்டியவரும் விக்ரிதான். அதிகம் கேட்டவருக்குப் பொருள், ஆனால் விலை இரண்டாவதாகக் கேட்டவர் சொன்ன விலை. 1996 அக்டோபர் 8ஆம் தேதி அவருக்கும் மிர்லீசுக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள், மூன்று நாளில் அவர் இறந்துபோனார். ஏலம் நமக்குப் புதிதில்லை. பிள்ளையார் நோன்பில் உப்பை ஏலம் விட்டால் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற உப்பு ஆயிரக்கணக்கில் போகிறது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு மங்கலப் பொருளையும் பொதுக் காரியத்தையும் ஒன்றாக முடிந்துவிட்டார்கள். அதனால்தான் கேட்கிறவர் தன் ஆசையை ஒளிப்பதில்லை. இது மிகவும் கெட்டிக்கார ஏற்பாடு என்பது என் எண்ணம்.

கிளார்க் வழியில் குறை உண்டா? உண்டு. அந்த 15,000த்தை மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுத்தால் பொய்க்கு மறுபடி வழி திறக்கும். அதை இந்த மூவருக்கும் சேராமல் வெளியேதான் விட்டாக வேண்டும். இரண்டு பேர் திண்ணையில் கூடிப் பேசி இருவரும் வானளவு தொகை சொன்னால், ஒருவர் இல்லாவிட்டாலும் முடிவு மாறாது, இருவருக்கும் கூடுதல் பணம் கிடையாது. சின்ன ஊரில் கூடிப் பேசுவதா கஷ்டம்?

ஆனால் இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. ஊருணி எனக்கு 50,000 பெறும் என்று ஒருவர் சொன்னால் அதில் அவர் ஆசை எவ்வளவு, வசதி எவ்வளவு? போர்வெல் போட்ட வீட்டில் ஆசை கொஞ்சம்தான், ஆனால் பணம் இருக்கிறது. குடம் தூக்கிப் போகிற வீட்டில் ஆசை மலையளவு, மடியில் ஒன்றுமில்லை. ரூபாயில் கேட்டால் போர்வெல் வீட்டின் குரல்தான் பெரிதாகக் கேட்கும். உண்மையைச் சொல்ல வைக்கிற ஏற்பாடுகூட யாருடைய உண்மைக்கு எடை அதிகம் என்பதை ஏற்கெனவே உள்ள வசதியிடம் விட்டுவிடுகிறது. ஆகவேதான் வருமான வரியையும் பொதுக் காரியத்தையும் பிரிக்காதீர்கள் என்கிறேன். வசதி வித்தியாசத்தை வரி கொஞ்சம் சமன்செய்தால்தான் தருகிற பணத்தை ஆசையின் அளவாக எடுத்துக்கொள்ள முடியும்.

நமக்கு நாமே திட்டம் உங்களுக்குத் தெரியும். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். நல்ல திட்டம், வேண்டும் என்று வாயால் சொல்பவரையும் பணம் வைத்துச் சொல்பவரையும் அது பிரித்துக் காட்டுகிறது. ஆனால் வசதியான தெரு சீக்கிரம் பங்கைத் திரட்டிவிடும், குடிசைத் தெரு திரட்டாது. தெருவைப் பார்த்து மக்கள் பங்கு மாறவேண்டும். ஏழைத் தெருவின் ஒரு ரூபாய்க்கு அரசு அதிகம் போடட்டும், பணக்காரத் தெருவின் ஒரு ரூபாய்க்குக் குறைவாகப் போடட்டும்.

எந்தத் தெரு ஏழைத் தெரு என்று எதை வைத்துச் சொல்வது? மாலையை வைத்துப் புள்ளி எண்ணியதுபோல, ஒளிக்க முடியாத ஓர் அடையாளம் வேண்டும். வீட்டின் அளவு என்று சொன்னால் செட்டிநாட்டில் ஏமாந்துபோவோம். பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற வளவு வீட்டுக்குப் பங்காளிகள் பலர், பூட்டிக் கிடக்கிறது, ஓடு மாற்ற ஆளில்லை. மின்சார மீட்டர் ஓடுகிற அளவு அதைவிட நல்ல அடையாளம் என்று நினைக்கிறேன். பூட்டிய வீட்டில் அது ஓடாது, ஏ.சி. போட்ட வீட்டில் நிற்காது. நவம்பர் 1ஆம் தேதி கிராம சபை கூடும்போது இந்தப் பங்கு விகிதத்தை ஒரு தீர்மானமாக வையுங்கள். கணக்குப் போட்டுக் கொடுக்க நான் வருகிறேன்.