ஒரு மார்க் போன கதையும் ஜாக் ஸ்டீனும்

வணக்கம் மக்களே. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள், இன்றைக்குக் கோபமாகத்தான் வந்திருக்கிறேன். இதோ டம்ளர், காபி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும். நான் காபியை ஆறவிடுகிறேன் என்றால் விஷயம் பெரிது என்று உங்களுக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் வினாடி வினா. இரண்டு பேர் கொண்ட அணிகள். நானும் வீட்டுக்காரரும் ஒரு அணி. அவர் சினிமா, அரசியல், நான் விளையாட்டு. முதல் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். நல்ல கனமான எவர்சில்வர், உள்ளே வைத்தால் இட்லி மத்தியானம் வரை ஆவி பறக்கும். நான் வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்று, சமநிலை. கேள்வி வருகிறது: கால்பந்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப்பின் மேனேஜர் யார்? ஐரோப்பியக் கோப்பை என்றால் இப்போதைய சாம்பியன்ஸ் லீக், மேனேஜர் என்றால் அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜாக் ஸ்டீன், செல்டிக், 1967 என்று கத்தினேன். வருஷத்தை யாரும் கேட்கவே இல்லை, அதையும் சேர்த்துக் கத்தினேன். நடத்தியவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "தவறு. சர் மேட் பஸ்பி, மான்செஸ்டர் யுனைடெட்." எதிரணிக்குக் கைத்தட்டல். ஹாட்பாக்ஸ் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டது.

பஸ்பி வென்றது 1968. ஸ்டீன் வென்றது 1967. அறுபத்தேழு முதலில் வருமா, அறுபத்தெட்டு முதலில் வருமா? போனில் எடுத்துக் காட்டினேன். "அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் மேடம்" என்கிறார். வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், விடு, ஒரு மார்க் தானே என்று. ஒரு மார்க் தானா? பஸ்பி முதல் இங்கிலாந்து கிளப்பை ஜெயிக்க வைத்தவர், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி பிரிட்டிஷ் கிளப் என்றது. செல்டிக் ஸ்காட்லாந்து கிளப். ஸ்காட்லாந்து பிரிட்டனில் இல்லாமல் எங்கே இருக்கிறது?

சரி, மூச்சு விட்டுக்கொள்கிறேன். யார் இந்த ஸ்டீன் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. லிவர்பூல் மேனேஜர் ஷாங்க்லி பற்றிய வீடியோ நீளம் என்று திட்டியவர்கள் இப்போதே போய்விடலாம்.

ஸ்காட்லாந்தில் லனார்க்‌ஷயர் என்று நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே பர்ன்பேங்க் என்ற ஊரில் 1922 அக்டோபர் 5 அன்று பிறந்தவர். பெயர் ஜான், கூப்பிடுவது ஜாக். பஸ்பியும் இதே லனார்க்‌ஷயர்க்காரர்தான், அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அதனால் எனக்கு பஸ்பி மேல் கோபம் இல்லை, அட்டை எழுதியவர் மேல்தான். ஸ்டீன் பள்ளிக்கூடம் முடித்துக் கொஞ்ச நாள் கம்பளத் தொழிற்சாலை, அப்புறம் சுரங்கம். 1942இல் ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப்பில் சேர்ந்தார். வாரம் முழுக்க நிலத்துக்கு அடியில், சனிக்கிழமை மைதானத்தில். சென்டர் ஹாஃப், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கிறவர். பெரிய ஆட்டக்காரர் என்று அவரைப் பற்றி அவரே சொல்லமாட்டார்.

1950இல் வேல்ஸில் உள்ள லனெல்லி கிளப்புக்குப் போகிறார். முழுநேரக் கால்பந்து, ஆனால் பெரிய லீக் கூட இல்லை. மனைவி ஜீனும் பிறகு அங்கே வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் ஆள் இல்லாத ஹாமில்டன் வீட்டில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள், ஒரு தடவை அல்ல. போதும் இந்த ஊர், திரும்பிப் போய்விடலாம், சுரங்கமே என்றாலும் பரவாயில்லை என்ற நிலை. அந்த நேரத்தில் செல்டிக்கிலிருந்து அழைப்பு. 1951 டிசம்பர். விலை 1,200 பவுண்டு.

இந்த 1,200 பவுண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். எனக்கு இதை விட்டு நகர மனசு வரவில்லை. அவரை வாங்கியது முதல் அணிக்கு அல்ல. ரிசர்வ் அணியில் இருக்கும் சின்னப் பையன்களுக்கு அனுபவஸ்தர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும் என்று வாங்கினார்கள். ரிசர்வ் அணியைப் பார்த்துக்கொண்ட ஜிம்மி கிரிபன் என்பவருக்கு இவர் பெயர் ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இருபத்தொன்பது வயது, வேல்ஸில் யாரும் பார்க்காத மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் முதல் அணியின் சென்டர் ஹாஃப்கள் வரிசையாக அடிபட்டுப் படுத்துவிட்டார்கள். வேறு ஆள் இல்லை, ஸ்டீனை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் வெளியே வரவே இல்லை. கேப்டனும் ஆனார். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்காக நடந்த கொரோனேஷன் கோப்பை. 1953–54 பருவத்தில் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டும். செல்டிக்குக்கு அப்படி இரண்டும் ஒன்றாகக் கிடைத்தது 1914க்குப் பிறகு அப்போதுதான். 1,200 பவுண்டுக்கு இது போதாதா? ஆனால் சரக்கே இனிமேல்தான் வருகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். செல்டிக் என்றால் கிளாஸ்கோவில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் கிளப். ஸ்டீன் பிராட்டஸ்டன்ட், குடும்பம் எதிர் கிளப்பான ரேஞ்சர்ஸ் பக்கம். அந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய நண்பர்களில் சிலர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

1955இல் கணுக்கால் காயம். அதோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான், 1957இல் அதிகாரபூர்வமாக ஓய்வு. கடைசி வரை அந்தக் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். கிளப் அவரை எதற்கு வாங்கியதோ அந்த வேலைக்கே மறுபடி போட்டது, ரிசர்வ் பையன்கள். அதில் ஒருவர் பில்லி மெக்நீல், பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960 மார்ச்சில் டன்ஃபெர்ம்லின் கிளப்பின் மேனேஜர். கீழ் டிவிஷனுக்கு விழப்போகும் அணி. இவர் போனதும் தொடர்ந்து ஆறு வெற்றி. அடுத்த வருஷமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி, மறு ஆட்டத்தில் 2–0. எதிரணி யார்? செல்டிக்! தன்னைப் போகவிட்டவர்களையே தோற்கடித்துக் கோப்பை வாங்கினார். அப்புறம் கொஞ்ச காலம் ஹிபர்னியன் கிளப், அங்கே ரியல் மாட்ரிட்டை நட்பு ஆட்டத்தில் ஜெயித்தார். 1965 மார்ச்சில் செல்டிக் கூப்பிட்டது. அந்தக் கிளப்பின் முதல் கத்தோலிக்கர் அல்லாத மேனேஜர். எட்டு வருஷமாகப் பெரிய கோப்பை எதையும் பார்க்காத கிளப், ஏப்ரலில் ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது, 3–2. வெற்றி கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் மெக்நீல். எதிரே டன்ஃபெர்ம்லின், பாவம்.

இப்போது போர்ச்சுகலின் லிஸ்பன். 1967 மே 25, ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. எதிரே இன்டர் மிலான், 1964, 1965 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணி. மேனேஜர் ஹெலெனியோ ஹெரேரா. ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்டம். எனக்கு அந்த ஆட்டம் அறவே பிடிக்காது, உங்களுக்கும் தெரியும். ஏழாவது நிமிடம் பெனால்டி, மஸ்ஸோலா அடித்தார், கதவு சாத்தியாயிற்று. செல்டிக் என்ன செய்தது? தட்டிக்கொண்டே இருந்தது. குறுக்குக் கம்பத்தில் இரண்டு தடவை. இன்டர் கோல்கீப்பர் சார்த்தி பிடித்துக்கொண்டே இருக்கிறார். 63ஆவது நிமிடம், ஜெம்மல். இடது பேக், அதாவது தடுக்க வேண்டிய ஆள், அவர் ஓடிவந்து பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தார் பாருங்கள். முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது சால்மர்ஸ். 2–1.

அந்தப் பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். முப்பது மைல்! நம் கணக்கில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தப் பருவத்தில் இறங்கிய ஐந்து போட்டிகளிலும் கோப்பை. உள்ளூர் லீக்கை 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது தடவை. இவருக்கு ஒரு மார்க் கிடையாதாம்.

கோல்கீப்பர் ரோனி சிம்சன் அப்போது முப்பத்தாறு வயது. ஹிபர்னியனில் இருந்தபோது அவரை செல்டிக்குக்கு விற்றதே ஸ்டீன்தான். விற்றவரே பின்னாலேயே வந்து சேர்ந்தார்! சிம்சனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆட்களைக் கையாளும் விதம்தான் எனக்கு ஸ்டீனிடம் பிடித்தது. ஜிம்மி ஜான்ஸ்டன் என்று ஒரு குட்டி விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடுகிறவர், பந்து காலில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் விமானம் என்றால் உயிர் போகும். 1968 நவம்பரில் ரெட் ஸ்டார் பெல்கிரேடோடு முதல் ஆட்டம் கிளாஸ்கோவில், இரண்டாவது ஆட்டம் பெல்கிரேடில். முதல் ஆட்டம், இடைவேளையில் 1–1. ஸ்டீன் சொன்னார், இங்கேயே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தால் நீ பெல்கிரேடுக்கு வர வேண்டாம். ஜான்ஸ்டன் பேய் பிடித்தவர் மாதிரி ஆடினார், 5–1. அவர் போகவும் இல்லை. திட்டி வாங்கியிருந்தால் அந்த நான்கு கோல் வந்திருக்குமா?

எல்லாம் வெற்றி இல்லை. 1970 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஃபெயனூர்டிடம் தோல்வி. 1975இல் பெரிய கார் விபத்து, ஒரு பருவமே போனது. 1978இல் செல்டிக் மெக்நீலை மேனேஜராக்கி, இவருக்கு நிதி திரட்டும் பிரிவில் டைரக்டர் பதவி என்றது. எனக்கு இன்னும் எரிகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்புக்குப் போனார், நாற்பத்து நான்கு நாள் இருந்தார், ஸ்காட்லாந்து தேசிய அணி கூப்பிட்டது, கிளம்பினார். இதைச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது, 1971இல் பஸ்பியே இவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கூப்பிட்டார். கிட்டத்தட்ட சரி என்றுவிட்டுக் கடைசியில் மாட்டேன் என்றார். அட்டை எழுதியவருக்கு இது தெரியுமா? பஸ்பிக்கு 1968இல் சர் பட்டம். ஸ்டீனுக்கு 1970இல் சிபிஇ, அது சர் பட்டத்துக்குக் கீழே உள்ள கௌரவம், அதோடு சரி.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப். வேல்ஸுக்கு எதிராக உலகக்கோப்பைத் தகுதி ஆட்டம், தோற்காமல் இருந்தால் போதும். ஸ்காட்லாந்து 0–1. இடைவேளையில் கோல்கீப்பர் லெய்டன் கான்டாக்ட் லென்ஸ் தொலைந்துவிட்டது என்கிறார். அவர் லென்ஸ் போடுகிறவர் என்பதே ஸ்டீனுக்குத் தெரியாது. பக்கத்தில் உதவி மேனேஜராக அலெக்ஸ் ஃபெர்குசன், லெய்டன் ஆடும் அபர்டீன் கிளப்புக்கே மேனேஜர், அவருக்கும் தெரியாது! ஆலன் ரஃப் இறங்கினார். கடைசி பத்து நிமிடத்தில் டேவி கூப்பர் பெனால்டி, 1–1. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு விசில். முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தார், அப்படியே சரிந்தார். மைதானத்தின் மருத்துவ அறையிலேயே உயிர் போனது. வயது 62. லிஸ்பனில் ஜெயித்த அன்று ஷாங்க்லி உடை மாற்றும் அறைக்கே வந்து, ஜான், உனக்கு இனி அழிவில்லை என்றாராம். அந்தக் கார்டிஃப் ஒளிப்பதிவை ஒரு தடவைதான் பார்த்தேன்.

ஐயோ, தொப்பிக் கதையைச் சொல்லாமலே முடிக்கப் பார்த்தேனே. லிஸ்பன் அணியில் பல பேருக்குப் பொய்ப்பல். ஆடும்போது கழற்றிவிடுவார்கள். அதையெல்லாம் சிம்சனின் தொப்பிக்குள் போட்டு கோலுக்குள் வலை ஓரமாக வைத்திருந்தார்கள், ஜெயித்தால் கோப்பையோடு படம் எடுக்கும்போது சிரிக்க வேண்டுமே. விசில் ஊதியதும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்கிறது, இவர்களுக்கு அந்தத் தொப்பிக் கவலை. கடைசியில் படமும் இல்லை, கூட்டத்தில் மெக்நீல் ஒருவர்தான் போய்க் கோப்பையை வாங்கினார்.

காபி ஆறிப்போயிற்று. இரண்டாம் பரிசைக் காட்டச் சொல்வீர்கள், இதோ. பிளாஸ்டிக் டப்பா, மூன்று. பெரியது மூடுகிறது, நடுவில் உள்ளது மூடுகிறது, இந்தச் சின்னது… பாருங்கள், மூடவே இல்லை. மாற்ற வேண்டுமென்றால் அந்த அட்டைக்காரரிடமே போய்க் கேட்க வேண்டுமாம்.